கொழும்புத்துறை இரத்தினப் பரீட்சை

சிவப்புக் கல்லுக்கு மூன்று நிறங்கள் உண்டு. கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று, திருப்பி விற்கப் போகும் இடத்தில் ஒன்று. பழைய இரத்தின நூல்கள் மாணிக்கத்தின் பிறப்பு, சாதி, குணம், குற்றம் எல்லாவற்றையும் விரித்து ஓதின. மூன்றாவது நிறம் பற்றி மட்டும் அவை வாய் திறக்கவில்லை. அக்குறை நீக்கவே இச்சிறு நூல் எழுந்தது. ஆய்வுக்களம், யாழ்ப்பாணப் பட்டினத்துக்குக் கிழக்கே கடல்நீரேரியை ஒட்டிய கொழும்புத்துறை.

மாணிக்கம் விளையாத ஊரில் மாணிக்க ஆய்வா என்று ஆட்சேபிப்பர். உண்மைதான். குடாநாட்டின் அடி முழுதும் சுண்ணாம்புக்கல். தோண்டினால் தண்ணீர் வரும். சில வளவுகளில் அதுவும் உவர். இரத்தினபுரியார் நிலத்தடியில் ‘இல்லம்’ என்னும் சரளைப் படையைத் தோண்டி, கூடையில் அரித்துக் கல் எடுக்கிறார்கள். நமக்கு வாய்த்தது கல்லைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும். அதை அரிக்கக் கூடை தேவையில்லை; ஒரு கலியாண வீட்டு விறாந்தை போதும்.

வரலாற்று உரிமையும் நமக்கு உண்டு. 1344இல் இபுன் பதூதா இலங்கைக் கரையில் இறங்கியபோது புத்தளத்தில் அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. மன்னரிடம் உள்ளங்கை அகலத்தில் மாணிக்கக் கிண்ணம் ஒன்று இருந்தது, அதில் அகில் எண்ணெய் இருந்தது, தான் வியந்ததும் இதைவிடப் பெரியவையும் உண்டென்று மன்னர் சொன்னார் என்று அந்தப் பயணி எழுதிவைத்தார். கணக்குப் பார்ப்போம். கிண்ணத்தை அரைக்கோளம் எனக் கொள்க. வெளி ஆரை 5 சென்ரிமீற்றர், தடிப்பு அரைச் சென்ரிமீற்றர். மாணிக்கத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் நான்கு மடங்கு. ஆகவே கிண்ணம் சுமார் 280 கிராம், அதாவது 1400 கரட். குடைவதற்கு முன் இருந்த முழுக்கல் 5000 கரட்டைத் தாண்டும். அது ஸ்பினல், கார்னெட் என்னும் வேறு சிவப்புக் கற்களில் ஒன்றாக இருந்திருக்கும் என்பது இந்நூலாசிரியர் துணிபு. ஆனால் அரசரின் கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற விருந்தாளியை மறுமுறை யாரும் கூப்பிடமாட்டார்கள். இதே பயணி இன்னொன்றும் சொல்கிறார்: 100 பணம் பெறுமதியை எட்டிய மாணிக்கம் அரசருக்குரியது, அவர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார், அதற்குக் குறைந்தது கண்டெடுத்தவனுக்கு. அக்காலத்து இலங்கையில் 99 பணக் கற்கள் ஏராளமாக விளைந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அரசர்கள் கையில் இருக்கும் கல் பற்றி ஒரு பொது விதி உண்டு. பிரித்தானிய முடியில் நடுநாயகமாக இருக்கும் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ மாணிக்கமே அல்ல, ஸ்பினல். ஸ்பினல் வேறு, மாணிக்கம் வேறு என்று பிரெஞ்சு அறிஞர் ரோமே த லீல் 1783இல் பிரித்துக் காட்டினார். அதன்பின் முடி சூடிய ஒருவரும் அதைக் கழற்றித் தரவில்லை. பெயரையும் மாற்றவில்லை.

இனி நிறம். மாணிக்கத்துக்கு நூலோர் தாமரை, மாதுளம்பூ, குயிலின் கண் என்று உவமை அடுக்குவர். குயிலின் கண் பொருத்தமான உவமைதான். ஆயினும் கல் வாங்கும் நேரத்தில் ஆண்குயில் கைக்கு எட்டுவதில்லை. கொழும்புத்துறையாருக்கு அதைவிடத் திடமான அளவுகோல் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. காலையில் பாசையூர் மீன் சந்தையில் நிற்கும் பெண்களைக் கவனிக்க. பாரையின் செவுளைப் பெருவிரலால் தூக்கி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, இரத்தச் சிவப்பா, வெளிறியதா, கபிலம் தட்டியதா என்று ஒரு பார்வையில் தீர்த்துவிடுவார்கள். கூரை நிழலில் காட்டினால் ஒப்பமாட்டார்கள். “அண்ணை, உதை வெளியிலை கொண்டாங்கோ பாப்பம்” என்பார்கள். மீன்காரரும் கொண்டுவருவார். சான்றிதழ் யாரும் கேட்பதில்லை.

அதே கண், அதே பெருவிரல், பின்னேரம் கஸ்தூரியார் வீதிக்குப் போகிறது. குளிரூட்டிய கடை, மஞ்சள் விளக்கு, சிவப்பு வெல்வெட் பெட்டி. மஞ்சள் விளக்கின் ஒளியில் சிவப்புக் கூறு மிகுதி. அதன் கீழ் எந்தச் சிவப்புக் கல்லும் தன் தகுதிக்கு மேல் சிவக்கும். வெல்வெட்டும் தன் பங்குக்குக் கல்லுக்குள் கொஞ்சம் ஊற்றும். இங்கே “வெளியிலை கொண்டாங்கோ” என்று எவரும் சொல்வதில்லை. ஐந்நூறு ரூபாய் மீனுக்குக் கேட்ட வெளிச்சத்தை ஐந்து இலட்சம் ரூபாய்க் கல்லுக்குக் கேட்பது மரியாதைக் குறைவு. இம்மரியாதையின் தோற்றம் தனி ஆய்வுக்குரியது.

எனவே முதல் விதி செவுள் விதி. கல்லைப் பெட்டியிலிருந்து எடுத்து, வெள்ளைத் தாளில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க. கொழும்புத்துறை இறங்குதுறை இதற்கு ஏற்ற இடம். பூநகரி வரைக்கும் மறைப்பு இல்லை. சோளகம் வீசும் மாதங்களில் தாளைப் பிடிக்க இன்னொருவரும், கல்லைப் பிடிக்க ஒரு சாவணமும் வேண்டும். கடைக்காரர் இறங்குதுறை வரைக்கும் வரச் சம்மதிக்காவிட்டால் கடை வாசற்படியும் ஏற்கத்தக்கது.

அடுத்து எழுவது இளஞ்சிவப்புச் சிக்கல். மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிமம். அலுமினியம் இருக்கவேண்டிய சில இடங்களில் குரோமியம் புகுந்தால் சிவப்பு. அது போதாமல் வந்தால் இளஞ்சிவப்பு. இரும்பு கூடினால் கபிலம். இலங்கைக் கல் பெரும்பாலும் இளஞ்சிவப்புப் பக்கம் சாயும். இளஞ்சிவப்பும் சிவப்பின் இளம் பருவம்தானே என்று இலங்கை வியாபாரி அதை மாணிக்கத்தில் சேர்ப்பார். மேல்நாட்டு வியாபாரி அதையே இளஞ்சிவப்புச் சஃபையர் என்று விலக்குவார். ஆக, ஒரு கல் விமானம் ஏறி இறங்குவதற்குள் இனம் மாறக்கூடும். கனடாவிலிருந்து கலியாணத்துக்கு வரும் உறவினர் இதை நினைவில் வைக்க.

குற்றமற்ற கல்லே வேண்டும் என்று கேட்பது நம்மவர் வழக்கம். பெரிதாக, நல்ல சிவப்பாக, உள்ளே மாசு மறு இல்லாமல், விலையும் கைக்கு அடக்கமாக ஒரு கல் கிடைத்தால் அது பிரெஞ்சுக்காரர் வேர்னேய் 1902இல் அறிவித்த முறையில் உலையில் உருகிப் பிறந்ததாக இருக்கும். உருப்பெருக்கியில் வளைந்த கோடுகளும் காற்றுக் குமிழிகளும் தெரியும். வேதியியலில் அதுவும் மாணிக்கமே. மாப்பிள்ளை வீட்டாருக்கு வேதியியல் விளங்கப்படுத்துவது கடினம். குற்றம் உள்ள கல்லிலும் நிம்மதி இல்லை. வெடிப்பு நிறைந்த கல்லுக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பித் தெளிவாக்கும் கைவேலை 2004 அளவில் சந்தைக்கு வந்தது. அந்தக் கண்ணாடியைப் புளிப்பு அரிக்கும். நகையைத் தேசிக்காயும் பழப்புளியும் போட்டுத் தேய்க்கும் வீட்டில் கல் ஒரு நாள் கொடி ஓடினாற்போல வெடித்து நிற்கும். குற்றம் தேய்த்த மருமகளின் தலையில் விழும்.

பழைய அட்டியலும் பதக்கமும் வேறு கதை. அவற்றில் கல்லின் அடிப்பக்கம் மூடியிருக்கும். உள்ளே அரக்கு, அதன்மேல் மினுங்கும் தகடு, அதன்மேல் கல். நீங்கள் மெச்சுவது பெரும்பாலும் தகட்டின் சிவப்பு. பத்தர் சாவணத்தால் கல்லை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்தால், மூன்று தலைமுறை போற்றிய செம்மை அப்பம்மாவின் கழுத்திலேயே தங்கிவிட்டது தெரியும். கழற்றாமல் சொல்லும் பத்தரும் உண்டு. “தங்கச்சி, உதைக் கழட்டாதேங்கோ, கிடக்கட்டும்” என்பார். இது முழுமையான ஆய்வறிக்கை.

கருவியாளர் கூற்றும் கேட்க. மாணிக்கத்தை ஒரு திசையிலிருந்து பார்த்தால் ஊதா தோய்ந்த சிவப்பு, இன்னொரு திசையில் செம்மஞ்சள் தோய்ந்த சிவப்பு. ஸ்பினல், கார்னெட், கண்ணாடி மூன்றும் எப்பக்கம் திருப்பினாலும் ஒரே சொல் பேசும். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் நல்ல மாணிக்கம் சிவப்பாய் ஒளிரும், கார்னெட் ஒளிராது. உலைக் கல்லோ இயற்கைக் கல்லைவிடப் பிரகாசமாக ஒளிரும். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை கல்லைச் சோதித்து இன்னதென்று எழுதித் தரும். அவ்வளவு தூரம் போக விரும்பாதவருக்கு உள்ளூரிலும் ஒரு வாசகம் உண்டு. கொழும்புத்துறையில் வாழ்ந்த யோகர் சுவாமிகள் (1872–1964) சொல்லிவந்தவற்றுள் ‘நாம் அறியோம்’ என்பது ஒன்று. கல் விடயத்தில் இதைவிட நேர்மையான சான்றிதழ் வேறில்லை. ஒரு நகைக்கடையும் இதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை.

விற்பவரே குணம் சொல்லும் முறைக்குத் தெய்வ முன்னுதாரணம் இருக்கிறது. திருவிளையாடற்புராணத்து மாணிக்கம் விற்ற படலத்தில் சிவபெருமான் வணிகராக வந்து, வலன் என்ற அசுரனின் குருதி மாணிக்கமாயிற்று என்பது முதலாக எல்லாம் விரித்துரைத்து, கல்லைக் கொடுத்து மறைந்தார். கோயிலில் புராணபடனம் கேட்டு வளர்ந்த நமக்கு விரித்துரைக்கும் வணிகர் மீது பக்தி வருவது இயல்பு. மறைவதிலும் சிலர் அவ்வழியையே பின்பற்றுகிறார்கள். சோதித்தறியும் முறைக்கு முன்னுதாரணம் சிலப்பதிகாரம். கண்ணகி சிலம்பில் மாணிக்கம், கோப்பெருந்தேவி சிலம்பில் முத்து, உடைத்ததும் தெரிந்தது. ஒரு பொற்கொல்லன் வாய்மொழியை நம்பிய பிறகு செய்த சோதனை என்பதால் பயன் குறைவு.

இறுதியாக மூன்றாம் நிறம். வாங்கும் நாளில் நகையைக் கல்லோடு நிறுத்து, பவுண் கணக்குப் பார்த்து, கல்லுக்குத் தனியாகவும் போடுவது உண்டு. விற்கும் நாளில் முதலில் கல்லைக் கழற்றுவார்கள். தராசில் தங்கம் மட்டும் ஏறும். மாணிக்கம் அன்றைக்குச் சிவப்பும் அல்ல, இளஞ்சிவப்பும் அல்ல, கழிவு. “கல்லை நீங்களே வைச்சிருங்கோ” என்று சின்னக் கடதாசியில் மடித்துக் கையில் தருவார்கள். அந்தக் கடதாசி அலுமாரி லாச்சியில், பழைய அடையாள அட்டைக்குக் கீழே கிடக்கும். அடுத்த மகளுக்குச் சம்பந்தம் பேச ஆள் வந்ததும் லாச்சி திறபடும். சீதனப் பட்டியலில் ‘மாணிக்கம் 7’ என்று எழுதப்படும்.