கேளுங்கள், ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள்!

லாரி உரிமையாளர், கவரைப்பேட்டை: தாத்தா காலத்து லேலண்டு காமெட் எங்கள் ஷெட்டில் சும்மா நிற்கிறது. புது பி.எஸ்.-6 எஞ்சினைக் கம்ப்யூட்டரோடு அதில் இறக்கிவிடலாமா?

தாராளமாக. செயின் பிளாக்கும் நாலு ஆளும் இருந்தால் ஒரு மத்தியானத்தில் இறக்கிவிடலாம். ஓடுமா என்றுதானே கேட்டிருக்க வேண்டும்?

எஞ்சின் மாற்றுவது மெட்ராஸுக்குப் புதிதில்லை. பெட்ரோலைக் குடித்தே முதலாளியைக் கடனாளியாக்கிய செவர்லே, டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைப் பிரித்து, பெர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சினை உட்காரவைத்த ஊர் இது. 1937-ல் இங்கிலாந்தில் பிறந்த ஆறு சிலிண்டர் எஞ்சின். பிற்பாடு செம்பியத்தில் சிம்சன் கம்பெனியே அதைத் தயாரித்தது. மவுண்டிங் பொருந்தவில்லையா, வெல்டிங். கியர்பாக்ஸ் சேரவில்லையா, லேத் பட்டறையில் ஒரு அடாப்டர் தட்டு. டீசலும் ஸ்டார்ட்டருக்கு ஒரு வயரும் கொடுத்துவிட்டால் அந்த எஞ்சின் யாரையும் எதுவும் கேட்காது.

இந்தக் காலத்து எஞ்சின் கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும். அதோடு வருகிற ஈ.சி.எம். என்ற கம்ப்யூட்டர் பெட்டி சாட்சாத் தாலுகா ஆபீஸ். ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து அதற்கு ஒன்றுக்கு இரண்டாக சிக்னல் வேண்டும்: ஒன்று மூலப்பத்திரம், இன்னொன்று ஒத்துப்பார்க்க நகல். இரண்டும் ஒத்துவரவில்லையா, மனு தள்ளுபடி. கிராங்க் சென்சார் ஆஜரா? கேம் சென்சார் கையெழுத்துப் போட்டாயிற்றா? தொட்டியில் ஊற்றியது 32.5 சதவீத யூரியாக் கரைசல்தானா, பச்சைத் தண்ணீரா? ஏ.பி.எஸ்.ஸிலிருந்து சக்கர வேகம் ஏன் இன்னும் வந்து சேரவில்லை? "சார், இந்த வண்டி பிறந்தபோது ஏ.பி.எஸ். என்ற பெயரே கிடையாது" என்று நீங்கள் கெஞ்சலாம். "அப்படியானால் அதற்கு வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி வா" என்கிற பாவனையில் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கை ஏற்றிவிட்டு, எஞ்சின் சக்தியைப் பாதியாகக் குறைத்து உங்களை ஓரங்கட்டும். சாவியில் சரியான சிப் இல்லாதவருக்கு வாசற்படியிலேயே அனுமதி கிடையாது.

அதனால் புதுப்பேட்டையில் எஞ்சினை மட்டும் பேரம் பேசி வாங்கிவந்து மாலை போடாதீர்கள். விபத்தில் போன வண்டி ஒன்றைப் பார்த்து எஞ்சின், ஈ.சி.எம்., வயரிங் முழுக்க, பெடல், மீட்டர் போர்டு, சாவி, யூரியா தொட்டி, சைலன்சர் வரை அத்தனையும் அந்த ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக்குகளுக்கு எல்.எஸ். என்ற வி8 எஞ்சின்மேல் தீராத மோகம். 1997 மாடல் கார்வெட்டோடு வந்த எஞ்சின் வம்சம் அது. அங்கே செவர்லே கம்பெனியே எஞ்சின், கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர், வயரிங் எல்லாவற்றையும் ஒரே செட்டாக விற்கிறது. விவரமான சிலர் எதிர்த் திசையில் போகிறார்கள்: மெக்கானிக்கல் பம்பு வைத்த 12 வால்வு கம்மின்ஸ் டீசலைத் தேடிப் பிடித்து, கம்ப்யூட்டரே இல்லாமல் சுகமாக ஓட்டுகிறார்கள். என் ஓட்டு அவர்களுக்கே. மைக்கோ என்கிற மெக்கானிக்கல் டீசல் பம்பின்மேல் எனக்குள்ள பைத்தியம் பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, தாத்தாவின் டீசல் டேங்கைத் தூக்கிப் போடுங்கள். பழைய நாசில் 200 பார் அழுத்தத்தை ஒட்டி வேலை செய்தது. காமன் ரெயிலில் 1,600 பாருக்கு மேல் போகும். அந்த அழுத்தத்தில் ஒரு பொட்டுத் துரு உள்ளே போனால் இன்ஜெக்டர் காலி, உங்கள் பர்ஸும்தான்.

பெயர் வேண்டாம், தடா: மூன்று குழல் ஏர் ஹாரன் மாட்டலாமா?

பெயர் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்பது புரிந்தது.

வாசகர், பொன்னேரி: அசோக் லேலண்டில் வரும் அசோக், கலிங்கத்தை வென்ற அசோகரா?

இல்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கிய ரகுநந்தன் சரணின் மகன்.

வாசகர், பஞ்செட்டி: எஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரச்சினை வருமா?

பானெட்டுக்குள் இருக்கும் ஆபீஸைச் சமாளித்தவருக்கு இது இரண்டாவது ஆபீஸ். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்து ஆர்.சி.யில் ஏறிய விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. முன் அனுமதி வாங்காமல் எஞ்சினைத் தொட்டீர்களானால் எஃப்.சி. காட்டும் அன்று நம்பர் ஒத்துவராமல் மாட்டிக்கொள்வீர்கள்.

அதே பிரிவில் ஒரு வேடிக்கை. பத்து வண்டிக்குக் குறையாமல் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு மட்டும், அதே கம்பெனி அதே வகை எஞ்சினை ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் மாற்றிக்கொள்ள மாநில அரசு அறிவிக்கை போட்டு இடம் கொடுக்கலாம். ஒற்றை லாரிக்காரர் இன்னும் ஒன்பது லாரி வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

"விண்டேஜ் என்று பதிந்துவிட்டால்?" என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். 2021-ல் வந்த விண்டேஜ் விதிகள் ஐம்பது வயது தாண்டிய இருசக்கர வாகனங்களுக்கும் கார்களுக்கும்தான். அதுவும் பெரிதாகக் கைவைக்காமல், பிறந்த மேனிக்கு இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வந்து படம் எடுத்துக்கொண்ட காருக்குத் தனி நம்பர், தனி மரியாதை. ஜி.என்.டி. ரோட்டில் ஆயுசு முழுக்க மூட்டை சுமந்த லாரிக்கு, எட்டு வயது தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. புது எஞ்சின் புகையைக் குறைக்கும் என்பதற்குக்கூட இங்கே அரை மார்க் கிடையாது. இது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது.

வாசகர், புதுவாயல்: பழைய லாரிகளில் எது உசத்தி, லேலண்டா, பென்ஸ் லாரியா?

லேலண்டு பிறக்கும் எண்ணூரின் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? 1954-லிருந்து 1969 வரை டாட்டாவோடு மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டு வைத்திருந்தது. அந்த லாரியில் மூக்கின் மேலிருந்த நட்சத்திரம் அழகு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

டிரைவர், ஆரம்பாக்கம்: எஞ்சின் மாற்றிய பிறகு வண்டி எவ்வளவு வேகம் போகும்?

அதே பழைய டிரம் பிரேக்கும் அதே பழைய ஸ்டீயரிங் பெட்டியுமா? எளாவூர் சோதனைச் சாவடியில் நிற்க நினைத்தவர் ஆந்திராவில் போய் நிற்பார். முதலில் பிரேக்கைச் செய்யுங்கள்.

மெக்கானிக், கும்மிடிப்பூண்டி: ஸ்கேனர் வந்த பிறகு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. கைத்தொழிலுக்கு இனி என்ன மதிப்பு?

இதற்குக் கிண்டல் இல்லாமல் பதில் சொல்கிறேன், அண்ணே. ஸ்கேனரை மாட்டினால் "எஸ்.பி.என். 157, எஃப்.எம்.ஐ. 18" என்று வரும். ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு என்று அர்த்தம். ஏன் குறைந்தது என்று அதற்குத் தெரியாது. ஃபில்டர் அடைத்திருக்கலாம். டேங்கிலிருந்து வரும் ஹோஸ் காற்று இழுக்கலாம். பம்பு தேய்ந்திருக்கலாம். இன்ஜெக்டர் ரிட்டர்ன் பக்கம் கசியலாம். அந்தக் கோட் நம்பரைப் படித்தவுடன் சென்சாரை மாற்றுகிறவர் பில் போடுகிறார், லாரி மறுநாள் திரும்பி வருகிறது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் தனித்தனி பாட்டிலில் விட்டு, எது சீக்கிரம் நிரம்புகிறது என்று குனிந்து பார்க்கிறவர்தான் கோளாறைப் பிடிக்கிறார். அந்தக் கண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

புதிதாகக் கற்க வேண்டியது நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவது கேன் என்கிற முறுக்கிய இரண்டு வயரில். அதன் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை அந்த இரண்டு வயரிலும் வையுங்கள். 60 காட்டினால் பாதை சரி. 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. இதற்கு ஸ்கேனரே வேண்டாம். அடுத்து வயரிங் வரைபடம் படிக்கப் பழகுங்கள். வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை இருந்தால் அவனிடமே உட்கார்ந்து கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பொறியியல் மாணவர், கவரைப்பேட்டை: டீசலே வேண்டாம், பழைய லாரியில் மின்சார மோட்டார் வைத்தால்?

ஃபோர்டு 2021-ல் ஒரு 1978 மாடல் எஃப்-100 டிரக்குக்கு அதைச் செய்து காட்டியது. நீங்கள் முதலில் அரியர் பேப்பரை முடியுங்கள்.

வாசகர், மாதர்பாக்கம்: இவ்வளவு வம்பு எதற்கு? பழைய லாரியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டால்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் இரும்பு உலையில் உருகி, முறுக்குக் கம்பியாகி, உங்கள் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு எஃப்.சி. கேட்க மாட்டார்கள்.