பேசின் பிரிட்ஜ் மலைத்தொடர்

மலையும் காடும் ஆற்றுப் பள்ளத்தாக்கும் மாறி மாறி வரும் நிலப்பரப்பில், ஒற்றையடிப் பாதையைப் பிடித்துக்கொண்டு ஏறியும் இறங்கியும் ஓடுவதை டிரெயில் ரன்னிங் என்பர். ஏறுவதற்கு ஒரு மேடு, இறங்குவதற்கு ஒரு பள்ளம், மூச்சு வாங்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு மரம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் ஓட்டப்பாதை என்ற தகுதி ஓரிடத்துக்குக் கிடைக்கும் என்பது இத்துறையில் ஊறியவர்களின் கருத்து. சென்னை நகரின் சராசரி உயரமோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7 மீட்டர். அதிலும் துறைமுகத்தை ஒட்டிய வடசென்னை, தோசைக்கல்லுக்குப் போட்டியாகத் தட்டையானது என்று பள்ளிக்கூட நிலப்படமே சாட்சி சொல்லும். இதனால் அங்குள்ள பேசின் பிரிட்ஜும் அதன் சுற்றுவட்டாரமும் மலைப்பாதை ஓட்டத்தின் வரலாற்றில் இன்றுவரை இடம்பெறாமல் போயின. நிலப்படம் தயாரித்தவர்கள் அப்பகுதியில் ஓடிப் பார்க்கவில்லை என்பதைத் தவிர இப்புறக்கணிப்புக்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

முதற்கண் மலைகள். பிற நாடுகளில் மலைகள் தோன்றுவதற்கு நிலத்தட்டுகள் ஒன்றோடொன்று மோத வேண்டியிருந்தது. வடசென்னையில் ரயில் வந்ததே போதுமானதாயிற்று. 1856ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கி முதல் வண்டி புறப்பட்டது. 1873இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. கூடூர் போகும் வடக்குத் தடமும் அரக்கோணம் போகும் மேற்குத் தடமும் பேசின் பிரிட்ஜில் பிரிந்து செல்லலாயின. ரயிலுக்கு மேடேறுவது பிடிக்காது என்பது அறிவியல். மனிதனுக்கும் பிடிக்காது என்றாலும் அவனிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. ஆகவே தண்டவாளத்தைத் தட்டையாக விட்டுவிட்டு, மக்களை அதன்மேல் ஏற்றி இறக்கும் நடைமேம்பாலங்களும் வண்டிகளை ஏற்றி இறக்கும் மேம்பாலங்களும் கட்டப்பட்டன. பின்னர் ரயில்கள் மின்சாரத்தில் ஓடத் தொடங்கியபோது, மேலே செல்லும் கம்பிக்கும் இடம் விட வேண்டியிருந்ததால், இம்மலைகள் இன்னும் சற்று வளர்ந்தன.

இம்மலைகளின் கடுமையை அளக்க ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதி பயன்படும். மூன்று மைல் தொலைவுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம் எனக் கணக்கிட்டால் மலைப்பயணத்துக்கு ஆகும் காலம் கிடைத்துவிடும் என்பதே அவ்விதி. ஒரு நடைமேம்பாலத்தின் உயரம் 27 அடி என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறுவதற்கு ஓட்டக்காரர் கூடுதலாக 49 நொடி ஒதுக்க வேண்டும். இது அற்பம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் விடுதி நடத்திவந்த பாப் கிரஹாம் என்பவர், 1932இல் 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் ஓடிக் கடந்தார். அவர் வழியில் ஏறிய மொத்த உயரம் ஏறத்தாழ 27,000 அடி. அதே சாதனையைப் பேசின் பிரிட்ஜில் நிகழ்த்த விரும்புபவர், மேற்படி நடைமேம்பாலத்தில் ஆயிரம் முறை ஏறி இறங்கினால் போதும். ஆயினும் ஐந்தாவது முறையிலேயே ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் “இன்னாபா தேடுற?” என்று குறுக்கிடுவார் என்பதையும், பாப் கிரஹாமுக்கு அத்தகைய இடையூறு நேர்ந்ததாகக் குறிப்பு இல்லை என்பதையும் ஒப்பிடுகையில் கருத்தில் கொள்ள வேண்டும்.

இத்தொடரின் தலையாய சிகரம் கொடுங்கையூர்க் குப்பைமேடு. 300 ஏக்கருக்கு மேற்பட்ட வளாகத்தில், நகரின் ஒரு பெரும்பகுதி பல்லாண்டுகளாகத் தினந்தோறும் தவறாமல் பங்களித்து எழுப்பிய கூட்டுப்படைப்பு அது. இச்சிகரத்தில் ஓடுவதற்கு அனுமதி இல்லை. விருப்பமும் யாருக்கும் இல்லை. மேலும், தேங்கிய பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, மண் வேறு பிளாஸ்டிக் வேறாகப் பிரித்தெடுக்கும் பயோமைனிங் என்னும் பணி அங்கே தொடங்கியுள்ளது. ஆரவல்லி போன்ற மலைகள் தேய்வதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. கொடுங்கையூர் மலையோ ஒப்பந்தக் காலத்துக்குள் தேய்ந்தாக வேண்டும்.

மலை இருந்தால் பள்ளத்தாக்கும் இருக்க வேண்டும். இங்கே அப்பணியைச் செய்வன ரயில் பாதைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதைகள், அதாவது மக்கள் வழக்கில் சப்வேக்கள். அவற்றுள் வியாசர்பாடிக்கு அருகிலுள்ள கணேசபுரம் சப்வே செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் இடம்பெறும் புகழுடையது. கோடையில் அது வெறும் பள்ளத்தாக்கு. ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆறு தோன்றிய சிறிது நேரத்தில் இரு கரைகளிலும் போலீஸ் தடுப்புகளும், ஆற்றை இறைத்துக் காலிசெய்ய மோட்டார்களும் வந்து சேரும். உலகில் வேறெந்த நதிக்கும் பிறந்த அன்றே இவ்வளவு எதிர்ப்பு எழுந்ததில்லை. இத்தொல்லைக்கு முடிவுகட்ட அவ்விடத்தில் ஒரு மேம்பாலம் கட்டும் வேலையும் தொடங்கப்பட்டது. பள்ளத்தாக்கின் தலைமேலேயே ஒரு மலையை வைப்பது என்ற இத்தீர்வு, மலைப்பாதை ஓட்டத்தை வளர்க்கும் நோக்கில் மேற்கொள்ளப்பட்டதன்று எனினும், பயன் ஒன்றே.

நிலையான நீர்வழியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோக்ரேன் என்பவரின் முயற்சியால் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட கால்வாய் பின்னர் வடக்கே ஆந்திரக் கடற்கரைக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீண்டது. 1876 முதல் 1878 வரை வாட்டிய பஞ்சத்தின்போது நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி நிவாரணப் பணியாக வெட்டப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. ஓட்டேரி நல்லா என்னும் ஓடை இக்கால்வாயில் வந்து கலப்பது பேசின் பிரிட்ஜ் அருகேதான். ஆகவே முக்கூடலுக்கு ஓர் ஆறே குறைவு. கால்வாயில் சரிவு என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லாததால், நீர் எத்திசையில் போக வேண்டும் என்பதைக் கடலின் ஓதம், அதாவது அலைநீரின் ஏற்றவற்றமே முடிவு செய்கிறது. ஓதம் முடிவு செய்யாத நேரங்களில் நீர் அங்கேயே யோசித்துக்கொண்டிருக்கும். ஆற்றோர ஓட்டம் மனத்துக்கு அமைதி தருவதால் ஓட்டக்காரரின் வேகம் தானாகக் குறையும் என்று மேலை நாட்டு நூல்கள் கூறுகின்றன. பேசின் பிரிட்ஜில் கால்வாய் ஓரத்தை அடைந்தவுடன் அனைவரின் வேகமும் கணிசமாகக் கூடுகிறது. மூக்கு உள்ள எவருக்கும் இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

காடு எங்கே என்பது எஞ்சியுள்ள வினா. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விறகு ஏற்றிய படகுகள் இக்கால்வாய் வழியே நகருக்கு வந்த காலத்திலேயே, காட்டுக்குப் போகாமல் காட்டை வரவழைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. இன்றும் வால்டாக்ஸ் சாலையின் மரக்கடைகளைக் கடந்து ஓடுபவர், தேக்கு, வேங்கை, கோங்கு, படாக் எனப் பல வகை மரங்களினூடே செல்கிறார். மற்ற காடுகளில் மரங்கள் நிற்கும். இக்காட்டில் அவை படுத்திருக்கும், அவ்வளவே வேறுபாடு. வேறு சில வசதிகளும் உண்டு. நிற்கும் காட்டில் ஒரு மரத்தின் பெயரை அறியத் தாவரவியல் படித்திருக்க வேண்டும். இங்கே கடைப் பையன் சொல்லிவிடுவான், கன அடி என்ன விலை என்பதையும் சேர்த்தே. அடிமரத்தின் வட்ட முகத்தில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் பாதி காலியான டீ கிளாஸ் இருக்கும். அறுவை வாளிலிருந்து பறந்த மரத்தூள் ஓட்டக்காரரின் வியர்வையில் ஒட்டிக்கொள்ள, அவர் அரைப் பர்லாங்கு தூரம் புதுக் கதவின் மணத்தோடு ஓடுவார். நிலைச்சட்டத்தின் நீளம் பார்க்கக் குனிந்திருக்கும் ஆசாரி நிமிரும் வரை அவர் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது இவ்வனத்தின் ஒழுங்கு.

காட்டுயிர்களைப் பொறுத்தவரை, புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியை நோக்கி விடியற்காலையில் ஓட்டிச் செல்லப்படும் ஆட்டு மந்தைகள் குறிப்பிடத்தக்கவை. ஓட்டக்காரரைத் தாண்டிச் செல்லும் ஆர்வம் அவற்றுக்குச் சிறிதும் இல்லை. போகுமிடம் தெரிந்தவர்களிடம் காணப்படும் நிதானம் அது. நாய்கள் இதற்கு நேர்மாறானவை. ஒவ்வொரு தெருவும் ஒரு நாய்க் குழுவின் ஆட்சிக்குட்பட்டது. எல்லைக்கோடு எதுவும் வரையப்படாவிட்டாலும், ஒரு குழு துரத்தலை நிறுத்தும் புள்ளியிலேயே அடுத்த குழு பொறுப்பேற்றுக்கொள்வதைக் காணும்போது, இத்தகைய ஒருங்கிணைப்பு அரசுத் துறைகளுக்கிடையே இருந்திருந்தால் கணேசபுரத்தில் தண்ணீர் நின்றிருக்குமா என்ற ஐயம் எழுவது இயல்பு.

எனினும் இப்பாதையின் உண்மையான ஏற்றம் மண்ணிலோ பாலத்திலோ இல்லை, மக்களின் வினாக்களில் இருக்கிறது. வடசென்னைக்கு ஓட்டம் புதிதன்று. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் குத்துச்சண்டைக்காரர்கள் வளர்ந்த மண் இது. காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டிய இளைஞர்கள் தெருவுக்கு நால்வர் உண்டு. ஆகவே ஓடுபவருக்கு இவ்வூர் மூன்று காரணங்களை மனமுவந்து அனுமதிக்கிறது: பாக்ஸிங், போலீஸ் செலக்‌ஷன், சுகர். நாற்பதைக் கடந்து, தொப்பையும் வைத்துக்கொண்டு, ரத்தச் சர்க்கரையும் சரியாக உள்ள ஒருவர் ஓடும்போதுதான் சிக்கல் எழுகிறது. டீக்கடை பெஞ்சிலிருந்து, “யாருப்பா தொரத்துறது?” என்ற முதல் வினா வரும். “யாரும் இல்லண்ணா, சும்மாதான்” என்ற விடை நிலைமையை மோசமாக்கும். “சும்மா ஓடுறதுக்கு இன்னாத்துக்குப்பா அம்மாம் பெரிய ஷூவு?” என்பது இரண்டாவது வினா, இதற்கு இதுவரை எவரும் ஏற்கத்தக்க விடை அளித்ததில்லை. அனுபவமுள்ளவர்கள், இல்லாத சுகரை இருப்பதாக ஒப்புக்கொண்டு, வெந்தய வைத்தியத்தையும் கேட்டுக்கொண்டு, அடுத்த மேம்பாலத்துக்கு நகர்ந்துவிடுவார்கள்.

இவ்வளவு இடர்களுக்கு உண்மையான மலைக்கே போய்விடலாமே என்று கேட்கலாம். வனத்துறை 2024இல் டிரெக் தமிழ்நாடு என்ற திட்டத்தில் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்துள்ளது. இணையத்தில் முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு போய்வரலாம், ஆனால் வழிகாட்டியை விட்டு ஓடிவிட்டால் அது வேறு வழக்காகிவிடும். முன்பதிவு வேண்டாதவர்களுக்கு ஜோலார்பேட்டைக்கு அருகே ஏலகிரி மலை இருக்கிறது. புலவர்கள், வள்ளல்களின் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் அங்கே உள்ளன. கொண்டை ஊசி வளைவு என்பது, சாலை வந்த வழியே திரும்பிவிட்டதோ என்று ஐயுறும்படி மடங்கி ஏறும் திருப்பம். நடைமேம்பாலத்தில் பயின்ற பேசின் பிரிட்ஜ்வாசிக்கு இவ்வளைவுகள் பெரும் தொல்லை தருவதில்லை. யாரும் எதையும் கேட்காமல் ஓடவிடுவதுதான் அவரைத் தளரச் செய்கிறது. விடை தயாரித்துப் பழகிய மூளைக்கு வேலை இல்லாததால், முழங்கால் வலி முதன்முறையாக அவர் கவனத்துக்கு வருகிறது.

ஜோலார்பேட்டையிலிருந்து அவர் திரும்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ், பிற வண்டிகளைப் போலவே, சென்ட்ரலில் நடைமேடை காலியாகும் வரை பேசின் பிரிட்ஜில் நின்றுவிடும். ஜன்னல் வழியே அவர் வீட்டு மொட்டைமாடியில் காயும் துணி தெரியும். இறங்கினால் சட்டப்படி குற்றம். ஆகவே சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்து, கடந்து வந்த இடத்துக்கே மறுபடியும் வர வேண்டும். நெய்ஸ்மித்தின் விதியில் தொலைவுக்கும் ஏற்றத்துக்கும் மட்டுமே காலம் ஒதுக்கப்பட்டிருப்பது இந்த இடத்தில்தான் பெருங்குறையாகத் தெரிகிறது. சிக்னலுக்கும் ஆட்டு மந்தைக்கும் தனித்தனியே சில நிமிடங்களும், சுகர் பற்றிய அறிவுரைக்கு ஒரு டீ குடிக்கும் நேரமும் சேர்த்து அவ்விதியைத் திருத்தாதவரை, வடசென்னையில் அதைக் கொண்டு யாரும் வீட்டுக்கு இத்தனை மணிக்கு வந்துவிடுவதாக வாக்குக் கொடுக்கலாகாது.