அணைக்க ஆள் உண்டு, ஊசி போட ஆள் இல்லை

2021 பிப்ரவரியில் நாடு முழுக்கப் பசு பற்றி ஒரு தேர்வு நடப்பதாக இருந்தது. நடத்த முன்வந்தது மத்திய அரசின் ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக். படிக்கப் பாடநூலும் வெளியிட்டார்கள். நாட்டு மாட்டுப் பாலில் தங்கம் இருக்கிறதாம், அதனால்தான் மஞ்சளாம். ஜெர்சி மாடு சோம்பேறியாம். ஊர் சிரித்தது. தேர்வு தள்ளிப்போனது.

கூத்து அதுவல்ல. அந்த ஆயோக் எந்த அமைச்சகத்தின் நிழலில் இருந்ததோ, அதே அமைச்சகத்தின் திட்டங்களில்தான் ஜெர்சிக் காளையின் உறைவிந்தும் ஊர் ஊராகப் போகிறது. பாடத்தில் சோம்பேறி. பால் கணக்கில் சாதனை.

2023-இல் இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு இன்னொரு ஞானம் பிறந்தது. பிப்ரவரி 14 அன்று எல்லோரும் பசுவைக் கட்டிப்பிடியுங்கள் என்றது. நான்கு நாள் முன்பே வாபஸ் வாங்கியது. மாட்டைக் கேட்டிருந்தால் இவ்வளவு சிரமம் இருந்திருக்காது. அதற்கு வேண்டியது அணைப்பல்ல, வேளைக்கு வரும் ஒரு சினை ஊசிக்காரர்.

கறவை மாடு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கத்தும். தீனி எடுக்காது. கண்ணாடிபோல் வழவழப்பாகச் சளி வடியும். அந்தப் பருவம் 12 முதல் 18 மணி நேரம்தான். காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில். இது கிராமத்துப் பிள்ளைக்கும் தெரியும். மாட்டுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: அரசு விடுமுறைப் பட்டியல். சனிக்கிழமை இரவு கத்தித் தொலைக்கிறது. ஞாயிறு முழுக்க செல்போன் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. திங்கள் மதியம் ஊசி வருகிறது. பருவம் போய்விட்டது.

வந்த ஊசியாவது ஒழுங்கா? உறைவிந்துக் குச்சி கிடப்பது மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனுக்குள். வெளியே எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் உருக்க வேண்டும். பல தொழுவங்களில் வெந்நீரும் இல்லை, வெப்பமானியும் இல்லை. ஊசிக்காரரின் உள்ளங்கைதான் ஆய்வகம். நைட்ரஜன் குறைந்த கலனில் நாள்கணக்கில் கிடந்த குச்சியில் உயிர் இருந்ததா என்று யார் பார்த்தார்கள்? பதிவேட்டில் ஏறுவது ஊசி. கன்று அல்ல.

நாட்டில் செயற்கைக் கருவூட்டலின் சினைப்பிடிப்பு ஏறத்தாழ 35 சதவீதம்தான் என்று துறையினரே சொல்லி வருகிறார்கள். மூன்று ஊசி போட்டால் இரண்டு வீண். ஒவ்வொரு வீண் ஊசிக்கும் வெறும் மாட்டுக்கு இன்னும் 21 நாள் தவிடும் புண்ணாக்கும். அந்தச் செலவு எந்த பட்ஜெட்டிலும் இல்லை. பழி மட்டும் தவறாமல் விழுகிறது, மாட்டின் மேல். “மாடு நிக்காதுங்க, வித்துடுங்க.”

சரி, விற்கலாம். எங்கே? 2017 மே மாதம் சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்கவே கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது. அந்த விதிக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான் முதலில் தடை விதித்தது. மகாராஷ்டிரத்தில் 2015 முதல் காளையையும் எருதையும்கூட வெட்ட முடியாது. உத்தரப் பிரதேசத்தில் பத்தாண்டு வரை சிறை. ஏர் பூட்ட டிராக்டர் வந்துவிட்டது. காளைக்கன்று பிறந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்த்துவிட வேண்டியதுதான். 2019 கணக்கெடுப்பில் தெருவில் திரிந்தவை 50 லட்சத்துக்கு மேல். அதே உத்தரப் பிரதேசத்தில் அலிகர் பக்கம் பயிரைக் காக்க வழியில்லாத விவசாயிகள் மாடுகளைப் பள்ளிக்கூடத்துக்குள் விட்டுப் பூட்டினார்கள். யோகி அரசு உடனே சிந்தித்தது: மதுவின் மீது பசு நல வரி. குடிமகன் குடித்தால் கோமாதா சாப்பிடும்.

இப்போது கடைசி மருந்தாகப் பாலினம் பிரித்த விந்து. பத்தில் ஒன்பது பெண் கன்று உறுதி. காளையைக் கொன்றால் பாவம். பிறக்கவிடாமல் செய்தால் திட்டம், அதற்கு மானியம்.

பெண் கன்றுக்கு ஊசி விற்கிறவர்கள், மீறிப் பிறந்துவிடும் அந்தப் பத்தாவது கன்றை விவசாயி என்ன செய்வது என்று அரசாணையில் எழுதித் தரட்டும். எழுத முடியாவிட்டால், அதன் தீனிச் செலவை மாதா மாதம் அனுப்பி வைக்கட்டும்.