புள்ளிராஜா டேப்லெட் வாங்குகிறார்

சென்னை ரிச்சி தெருவுக்கு டேப்லெட் வாங்க வரும் கூட்டத்தில் ஒருவரை மட்டும் எட்ட நின்றே அடையாளம் கண்டுவிடலாம். விலை பேசமாட்டார். அதையெல்லாம் வீட்டிலேயே நாலு தளத்தில் ஒப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருப்பார். பெட்டியின் சீல் உடைந்ததும், மற்றவர்களைப்போலப் பாட்டுப் போட்டுப் பார்ப்பதோ படம் எடுத்துப் பார்ப்பதோ கிடையாது. முழுத்திரையும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஒவ்வொரு நிறமாக மாறும் சோதனைக் காணொளி ஒன்றை ஓடவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இமைமுடி உரசும் தூரத்துக்குத் திரையைக் கொண்டுவருவார். கறுப்பு வந்ததும் "தம்பி, அந்த லைட்டைக் கொஞ்சம் அணைங்க" என்பார். "கடைக்கே ஒரே ஸ்விட்ச்தான் சார்" என்று பையன் சொன்னால் மனம் தளரமாட்டார். டேப்லெட்டோடு கவுண்டருக்கு அடியில் குனிந்துவிடுவார். சற்றுநேரம் கழித்து அங்கிருந்து குரல் மட்டும் வரும்: "வேற பீஸ் இருக்கா?" இந்த இனத்துக்குப் புள்ளிராஜா என்று பெயர் வைக்கலாம். (ஒரு காலத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரமாகத் தமிழ்நாட்டுச் சுவர்களில் கேள்விக்குறியோடு நின்ற புள்ளிராஜா வேறு. இவர் அப்பழுக்கற்றவர்; திரையும் அப்படியே இருக்கவேண்டும் என்கிறார், அவ்வளவுதான்.)

அவர் தேடும் புள்ளியின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஊரில் பரவலாக விற்ற 10.2 அங்குல ஐபேடை எடுத்துக்கொள்வோம். அகலவாட்டில் 2,160, உயரவாட்டில் 1,620. ஆக 34,99,200 பிக்சல்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கூறுகள் உண்டு. மொத்தம் ஒரு கோடியே ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு கூறையும் கண்ணாடிமேல் படியவைத்த ஒரு நுண் டிரான்சிஸ்டர் இயக்குகிறது. அத்தனை பேரில் ஒருவர் வேலைக்கு வரவில்லை; புள்ளிராஜா வருகைப்பதிவேட்டோடு நிற்கிறார். ஒரு பிக்சலின் அகலம் 0.1 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. சாதாரணப் பார்வை உள்ளவர் 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் படிக்கும்போது ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டருக்குக் குறைந்த விவரத்தைப் பிரித்தறிவது கடினம். வெள்ளைப் பக்கத்தில் செத்துப்போன ஒரு கறுப்புப் பிக்சலைப் படிக்கும் தூரத்தில் காண்பதற்குக் கழுகுக்கண் போதாது, சந்தேகபுத்தியும் வேண்டும். தமிழ் படிப்பவருக்கு இன்னொரு பயம் வரலாம்: அந்தப் புள்ளி ஒரு 'க'வின் தலையில் உட்கார்ந்து அதை 'க்' ஆக்கிவிட்டால்? ஆகாது. வசதியாகப் படிக்கும் எழுத்தளவில் மெய்யெழுத்தின் புள்ளியே நாலைந்து பிக்சல் அகலம் இருக்கும். தவிர, எழுத்தாணி அழுந்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று புள்ளியே வைக்காமல் எழுதிய சுவடிகளைப் படித்துப் பொருள்கொண்ட பரம்பரை நாம். இல்லாத புள்ளியையெல்லாம் சமாளித்தவர்களுக்கு, இருக்கிற ஒரு புள்ளி என்ன செய்துவிடும்?

ஆனால் புள்ளிராஜாவை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கறுப்பாகச் செத்த பிக்சல் வேறு, அணையாமல் எரியும் பிக்சல் வேறு. இரவு வானத்து நட்சத்திரத்தின் பரப்பை நம் கண்ணால் அளக்க முடியாது. ஆனாலும் அது தெரிகிறது. இருட்டில் ஒளிர்வது கண்ணில் பட, அதற்கு அளவு தேவையில்லை, வெளிச்சம் போதும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவரின் திரை நடுவே ஒரு பச்சைப் பொட்டு எரிந்துகொண்டே இருந்தால், கதாநாயகி எங்கே நின்றாலும் அவள் கன்னத்தில் அது ஏறும். இதைச் சிறு குறை என்று சொல்லி ஆற்றுப்படுத்துவது நியாயமில்லை. அதே பச்சைப் பொட்டு மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில், பகலில் பாடப்புத்தகம் மட்டும் படிக்கும் பிள்ளையின் கையில் இருந்தால் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போகலாம். ஆகவே புள்ளி எவ்வளவு பெரியது என்று கேட்பதைவிட, எங்கே இருக்கிறது, எப்போது தெரியும், யார் பார்ப்பார்கள் என்று கேட்பதுதான் முறை. கவுண்டருக்கு அடியில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது.

"காசை முழுசா எண்ணி வைக்கிறேன், சரக்கும் முழுசா வேணும். வெண்டைக்காயைக்கூட நுனி ஒடிச்சுத்தானே வாங்குறோம்?" என்பது அவருடைய பிரம்மாஸ்திரம். மறுப்பது எளிதல்ல. வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பதிலும் அறிவு இருக்கிறது. முற்றல் காய் குழம்பைக் கெடுக்கும். ஆனால் 'முழுசு' என்றால் எது என்பதைத் தொழில்துறை என்றோ எழுதிவைத்துவிட்டது. 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற தரவிதி திரைகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. ஒரு புள்ளிகூடக் குறையக்கூடாது என்பது முதல் வகுப்பு. கணினித் திரைகள் பெரும்பாலும் இடம்பெற்ற இரண்டாம் வகுப்பிலோ பத்து லட்சம் பிக்சலுக்கு எரிந்துகொண்டே இருப்பவை 2, செத்தவை 2, பழுதான நிறக்கூறுகள் 5 வரை அனுமதி. 2008இல் ஐ.எஸ்.ஓ. 9241 வரிசை அதன் இடத்துக்கு வந்தது. வகுப்புப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் போகவில்லை. அந்தப் பழைய கணக்கை நம் ஏறத்தாழ முப்பத்தைந்து லட்சம் பிக்சல்கள் கொண்ட ஐபேட் அளவுத் திரைக்குப் போட்டால் எரிபவை 7, செத்தவை 7, கூறுகளில் 17 வரை இருந்தும் திரை தேறிவிடும்! இது டேப்லெட் கம்பெனிகள் கொடுக்கும் வாக்குறுதி இல்லை. நடைமுறையில் திரைகள் இதைவிட எவ்வளவோ சுத்தமாகத்தான் வருகின்றன. ஆனால் குறையே இல்லாத திரை என்பது தனி வகுப்பு, அதற்குத் தனி விலை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் குறைபாடு என்பதைச் சட்டமோ ஒப்பந்தமோ விற்பவர் சொன்ன சொல்லோ நிர்ணயித்த தரத்தை வைத்துத்தான் அளக்கிறது. புள்ளிராஜாவின் மனத்துக்குள் இருக்கும் தரம் அந்தப் பட்டியலில் இல்லை.

"இன்னைக்கு ஒண்ணு, நாளைக்குப் பத்து ஆகுமே" என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை. செத்த பிக்சல் தொற்றுநோய் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி டிரான்சிஸ்டர் இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு அது ஒட்டாது. மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு தெரிந்தால் கதை வேறு. அது வரிசைக்கே மின்சாரம் கொண்டுபோகும் இணைப்பின் பழுது, சிறு குறைக் கணக்கில் சேராது. அழுத்தம் பட்டு மை கொட்டியதுபோல் கறை தெரிந்தாலும், கண்ணாடி ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். அவை உண்மையிலேயே வளரும்.

மூலையில் கசியும் வெளிச்சத்துக்கு வருவோம். புள்ளிராஜாவின் இரண்டாவது வேட்டை அது. எல்.சி.டி. திரை தானாக ஒளிராது. பின்னால் அல்லது ஓரத்தில் வைத்த எல்.ஈ.டி. விளக்கின் வெளிச்சத்தைத் திரவப்படிகம் மறைத்தும் விட்டும் காட்டுகிறது. முழுக்க மறைக்க அதனால் முடியாது. சட்டம் கொஞ்சம் இறுக்கமாகப் பிடித்த இடத்தில் ஓரம் வெளுக்கும். இதை அவர் இருட்டறையில் கைபேசியால் படம் பிடிக்கிறார். இருட்டைக் கண்டதும் கேமரா தன்பாட்டுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ள, லேசான வெளுப்பு விடியற்காலைபோல ஆகிவிடுகிறது. அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. மச்சான் "மாத்திடுங்க மாமா" என்கிறார், சித்தப்பா கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்புகிறார். கறுப்பை மட்டுமே காட்டும் திரையை இருட்டில் யார் உபயோகிக்கப் போகிறார்கள் என்று குழுவில் ஒருவரும் கேட்பதில்லை.

விலை ஏறினால் தொல்லை தீரும் என்றும் இல்லை. 2021இல் வந்த 12.9 அங்குல ஐபேட் ப்ரோவில் பத்தாயிரத்துக்கும் அதிகமான குட்டி எல்.ஈ.டி.க்களை 2,596 மண்டலங்களாகப் பிரித்து வைத்தார்கள். கறுப்பு நன்றாகவே கறுத்தது. பதிலுக்கு இருட்டுப் பின்னணியில் வெள்ளை எழுத்தைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் வந்தது. அதே ஆண்டின் ஐபேட் மினியை நெட்டுக்குத்தலாகப் பிடித்து உருட்டினால் பக்கத்தின் ஒரு பாதி மறுபாதிக்கு மயிரிழை பின்தங்கி வருகிறது என்று புகார் எழுந்தது. எல்.சி.டி. திரைக்கு அது இயல்புதான் என்று ஆப்பிள் சொன்னது. திரை முழுவதும் ஒரே கணத்தில் புதுப்பிக்கப்படுவதில்லை, வரிவரியாகத்தான் என்பது உண்மை. அதற்காக, தலைசுற்றுகிறது என்பவரிடம் இயல்பு என்று சொல்லி அனுப்புவது எனக்கு ஒப்பாது. ஆனால் வேகம் குறைத்து எடுத்த காணொளியைப் பார்த்த பிறகுதான் அந்த ஆட்டம் பலருக்குத் தெரியவே ஆரம்பித்திருக்கும். தெரியாதவரைக்கும் அவர்களும் நிம்மதியாகத்தான் பக்கம் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு கூர்ந்து பார்ப்பவர் எதைப் பார்க்கத் தவறுகிறார் என்பதுதான் வேடிக்கை. 2011 அக்டோபரில் ஆரவாரத்தோடு வெளியான நம் நாட்டு மலிவு டேப்லெட் ஆகாஷில் திரை ஏழு அங்குலம், 800க்கு 480 பிக்சல். அதன் பேரைக் கெடுத்தவற்றில் செத்த பிக்சல் இல்லை. இரண்டு படலங்கள் ஒன்றையொன்று தொடும்வரை அழுத்தினால்தான் வேலைசெய்யும் பழைய பாணித் தொடுதிரையும், ஆமை வேகமும்தான். மறு ஆண்டு வந்த ஆகாஷ் 2இல் தொடுதிரையை மாற்றவேண்டியதாயிற்று. கைக்குப் படும் குறை கண்ணுக்குப் படும் குறையைவிடப் பெரியது. விரலால் ஒரு படத்தைப் பிடித்துத் திரையின் மூலைமுடுக்கெல்லாம் இழுத்துப் பார்த்தால், தொடுகையை உணராத இடம் அங்கேயே தெரிந்துவிடும். புள்ளிராஜா இதைச் செய்வதில்லை. வாசல் வெயிலில் திரையைப் பிடித்துப் பார்ப்பதில்லை. மலிவு டேப்லெட்டுகளின் வெளிச்சம் பெரும்பாலும் 400 நிட்ஸைத் தாண்டாது, 10.2 அங்குல ஐபேட் 500 வரை போகும், ஆனால் அதன் மேல்கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்றிடைவெளி உண்டு, முகம் நன்றாகவே பிரதிபலிக்கும். இன்னும் எத்தனை ஆண்டுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வரும் என்றும் அவர் கேட்பதில்லை. இவையெல்லாம் தினந்தோறும் எதிரில் வந்து நிற்கும் குறைகள், கறுப்புத் திரைச் சோதனையில் தெரியாதவை.

"கண்ணுக்குத் தெரிஞ்சப்புறம் மனசு ஒப்பலையே, மாத்திக்கிறதுல என்ன நஷ்டம்?" என்றால், பல நேரம் நஷ்டம் ஒன்றும் இல்லை, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முதல் பீஸின் குறை தெரிந்த குறை. அடுத்த பீஸ் மூடிய பெட்டி. புள்ளி போய்க் கசிவு வரும், கசிவு போய் மஞ்சள் சாயல் வரும். மூன்றாவது பீஸோடு வீடு திரும்பும் புள்ளிராஜா வழியிலேயே முந்நூறு ரூபாய்க்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறார். ஒட்டும்போது உள்ளே ஒரு தூசி மாட்டிக்கொள்கிறது, செத்த பிக்சலைவிடப் பல மடங்கு பெரியது. "பரவால்ல தம்பி, ரெண்டு நாள்ல செட் ஆயிடும்" என்று ஒட்டிய பையனுக்கு அவரே ஆறுதல் சொல்கிறார்.

மிஞ்சுவது மறுவிற்பனை வாதம். பழைய பொருளாகக் கொடுக்கும்போது புள்ளி இருந்தால் விலை குறையுமாம். கோடும் கறையும் விலையைக் குறைக்கும், சந்தேகமே இல்லை. ஒற்றைப் புள்ளிக்கு அவ்வளவு மரியாதை கிடைப்பது அரிது. எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் இருக்கும் பையன் திரையை ஆன் செய்து, மேலும் கீழும் ஒரு தரம் தேய்த்து, முனை நசுங்கியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்பான்: "பாக்ஸ், சார்ஜர், பில்லு எல்லாம் இருக்கா சார்?"