பொன்னாடைக் கூலி

ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி நாள். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டை நெய்பவருக்கு அன்று மேடையில் ஒரு பொன்னாடை கிடைக்கக்கூடும். அது எந்தத் தறியில் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. பாராட்டே போதும், காசு கொடுத்தால் கலை ஆர்வம் கெடும் என்போருக்கு 1971-இல் உளவியலாளர் எட்வர்டு டெசி வெளியிட்ட ஆய்வு கைகொடுக்கும். புதிருக்கு ஒரு டாலர் வாங்கிய கல்லூரி மாணவர்கள், காசு நின்றதும் புதிரைத் தொடுவதைக் குறைத்தார்கள்; பாராட்டு பெற்றவர்களின் ஆர்வமோ தணியவில்லை. சரிதான், ஆனால் அந்த மாணவர்கள் யாரும் புதிரை நம்பி உலை வைக்கவில்லை.

நெசவில் சேலைக்கு இவ்வளவு என்பதே கூலி. அறுந்த இழையை முடியும் நேரமும் பாவுக்குக் காத்திருக்கும் நாளும் அந்தக் கணக்கில் ஏறாது. பெருமிதம் இல்லாமலா இவ்வளவு நுணுக்கம் வரும் என்பீர்கள். வராதுதான், ஆனால் அந்தப் பெருமிதம் இலவசமாகக் கிடைக்கும்வரை கூலியை உயர்த்த எவருக்கும் அவசரமில்லை. பணம் ஆர்வத்தைக் கெடுக்கும் என்றால் கடைக்காரரின் லாபத்தில் முதலில் சோதிக்கலாமே? லாபம் கூடக்கூட அவருக்கு வியாபாரம் சலித்ததாகத் தகவல் இல்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தறியில் உட்கார மறுப்பதற்கும் ஆர்வக் குறைவு காரணமல்ல. அவர்கள் கணக்குப் பாடத்தில் தேறியவர்கள்.