போகிப் புகைக்கு ஒரு பெட்டி

கேள்வி: மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளுக்கு எந்த ஏர் பியூரிஃபையர் ஏற்றது?

பதில்: ஜன்னல் எந்தத் தெருவைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. அடையாறில் கடலோரமாக இருந்தால் பிற்பகல் கடற்காற்றே பாதி வேலையை இலவசமாகச் செய்துவிடும். தி.நகரின் பஸ் புகைக்கும், மயிலாப்பூரின் மெட்ரோ பள்ளத் தூசிக்கும் ஹெப்பா ஃபில்டர் தேவை, 0.3 மைக்ரான் துகளிலும் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். சாம்பிராணி மணத்தையும் வாகன வாயுக்களையும் அது கண்டுகொள்ளாது; அதற்குக் கரி ஃபில்டர் வேண்டும்.

பி.எம். 2.5 என்ற நுண்துகளுக்கு 24 மணி நேர வரம்பு, கன மீட்டருக்கு இந்தியாவில் 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. நுரையீரலுக்கு மட்டும் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கிடையாது.

பெட்டியில் பார்க்க வேண்டியது, மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று வரும் என்று சொல்லும் சி.ஏ.டி.ஆர். எண். 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுழல அந்த எண் 170 இருந்தால் போதும். முன்வலையில் சாம்பல் நிறப் பஞ்சாகத் தூசி படியும்போது தட்டிச் சுத்தம் செய்யலாம். ஹெப்பாவைக் குழாயடியில் கழுவினால் காசு தண்ணீரோடு போகும். போகியன்று விடியற்காலையில் ஜன்னலைச் சாத்திவிட்டே இயந்திரத்தைப் போட வேண்டும். திறந்து வைத்தால் அது தெருவுக்கே ஊழியம் செய்யும்.