சுக்கான் தாழ்த்தல் இயல்: ஊவா மலைநாட்டை முன்வைத்து

சுக்கான் என்பது, ஸ்டியரிங் என்று உலகோர் வழங்குவது என்க. அதன் அசைவு இருவகைப்படும். வண்டியைத் திருப்ப அசைவது ஒன்று. அது பசறைச் சந்தையில் நிற்கும் ஆட்டுக்கும் தெரியும். ஓட்டுநரின் உடம்புக்கேற்ப மேலும் கீழும் அசைவது மற்றொன்று. அதைக் காத்து நிற்கும் சின்னக் கம்பி ஒன்று சுக்கான் தண்டின் அடியில் தீண்டுவாரற்றுக் கிடக்கிறது. இவ்வாய்வின் பொருள் அக்கம்பியே.

வரலாறு சிறிது. 1894இல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த மோட்டார் ஓட்டத்தில், படகுத் தடியைப் போன்ற கோலைக் கைவிட்டு வட்டச் சக்கரம் பூட்டி வந்தார் ஆல்ஃபிரட் வஷரோன். அதே 1894இல்தான் ரயில் பண்டாரவளைக்கு ஏறியது. அங்கிருந்து பதுளைக்கு இறங்க அதற்கு மேலும் 30 ஆண்டுகள் பிடித்தன. தெமோதரையில் தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே புகுந்து வரும் அந்த ரயிலுக்குச் சுக்கான் ஏது என்று எதிர்ப்பக்கத்தார் கேட்பர். தண்டவாளம் போட்டுக் கொடுத்தால் நாமும் கேட்க மாட்டோம். 1961இல் ஃபோர்ட் தண்டர்பேர்ட் கார், ஏறி இறங்க வசதியாகச் சுக்கானையே பக்கவாட்டில் ஒதுங்கச் செய்தது. வயிற்றை முன்னிட்டு நிகழ்ந்த புரட்சி இது என்பது என் துணிபு. நம் மொறிஸ் மைனருக்கு இந்த இரக்கமெல்லாம் கிடையாது.

இனிக் களஆய்வு. பசறையிலிருந்து பதுளைக்கு நான் அன்றாடம் வரும் வேகன் ஆர் வண்டியின் ஓட்டுநர் அண்ணன் தலையணைக் கொள்கையினர். சுக்கான் உச்சியில் நிற்கும். அதற்கு மேலாகப் பாதையைப் பார்க்க அடியில் பூப்போட்ட தலையணை, அதன் மேல் துவாய். முடக்கு வந்ததும் கைகள் எட்டாமல் முதுகு சீட்டை விட்டுக் கிளம்பும். சக்கரத்தைத் திருப்புகிறாரா, அதில் தொங்குகிறாரா என்பது ஆய்வுக்குரியது.

“அண்ணே, அந்தக் கம்பியக் கீழ இறக்கினா சுக்கான் பதியுமே?”

“அத நோண்டாத தம்பி. ஜப்பான்காரன் வச்சது. கையோட வந்துட்டா?”

ஜப்பான்காரன் வெறுமனே வைக்கவில்லை; வெயில் மறைப்பில் எயார்பேக் எச்சரிக்கையும் ஒட்டி அனுப்பியிருக்கிறான். மூலம் முழுதும் ஜப்பானியம், உரை கிடைத்திலது. ஆகவே நூற்பா ஒன்றை நானே யாத்தேன்:

‘இருக்கை முன்னே, சுக்கான் பின்னே;
ஓடும் போதிவை இரண்டும் தொடற்க.’

என்றது, வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் இழுத்த பின்பே கைவைக்க வேண்டும் என்றவாறு. ‘இருக்கை முன்னே’ எனவே, பிரேக்கை அடிவரை மிதித்தும் முழங்கால் சற்று மடங்கியே நிற்குமாறு சீட்டை முதலில் நகர்த்துக. முதுகு சாய்மானத்தை விடலாகாது. பிறகு கையை நீட்டினால் மணிக்கட்டு சக்கரத்தின் உச்சியில் படிய வேண்டும். விரல்தான் தொடுகிறது என்றால் தூரம். சக்கரத்தின் நடுவுக்கும் நெஞ்செலும்புக்கும் 25 சென்டிமீட்டர் இடைவெளி குறையாதிருக்க. எயார்பேக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிவது. அதன் பார்வை முகத்தை அன்று, நெஞ்சை நோக்கி இருத்தல் வேண்டும். மீட்டரும் மறையலாகாது, முழங்காலும் இடிபடலாகாது. கடைசியாகக் கம்பியை மேலேற்றிப் பூட்டிச் சக்கரத்தை ஒருமுறை குலுக்கிப் பார்க்க. இதை மறந்தவர்க்கு முதல் முடக்கிலேயே சுக்கான் மடியில் வந்து விழும். அண்ணனின் அச்சம் அந்த அளவில் நியாயமே.

பதுளை பஸ் ஸ்டாண்டில் அவர் பிளேன்டீ குடிக்கப் போன இடைவெளியில் இந்நூற்பாவைச் செயற்படுத்தினேன். எனக்கும் அவருக்கும் ஒரே உயரம். திரும்பி வந்து உட்கார்ந்தவர் சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலை சுக்கான் தாழ்ந்தபடியே இருந்தது. அவருக்கடியில் தலையணை இல்லை. என் சீட்டில் கிடந்தது.